பீங்கான் காது

எரிகிற சூளைக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று பார்க்க யாரும் கதவைத் திறப்பதில்லை. திறந்தால் வெளிக்காற்று புகுந்து, உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கெல்லாம் விரிசல் விட்டுவிடும். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். சூளைச் சுவரில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதை அடைத்திருக்கும் செங்கல் துண்டை இழுத்துவிட்டு எட்டிப் பார்த்தால் போதும். மங்கிய சிவப்பு என்றால் எழுநூறைத் தொட்டிருக்கிறது. ஆரஞ்சு நிறம் ஏறினால் ஆயிரத்தை நெருங்குகிறது. மஞ்சள் வெளுத்துக் கண் கூசினால் ஆயிரத்து இருநூறைத் தாண்டியாயிற்று. கண்ணை நம்பாதவர்கள் ஒளி வெப்பமானியைத் துளைக்கு நேரே பிடித்து எண்ணையே படித்துவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886-ல் உருவாக்கிய கூம்பு. குறிப்பிட்ட கலவையில் செய்த விரல் நீளக் கூம்பைச் சரக்கோடு சேர்த்து உள்ளே வைத்துவிட வேண்டும். போதுமான சூட்டைக் குடித்ததும் அதன் தலை சாய்ந்துவிடும். அது இந்த நிமிடத்தின் சூட்டைச் சொல்லாது. இத்தனை மணி நேரமாகச் சரக்கு வாங்கிய மொத்தச் சூட்டைச் சொல்லும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இப்படி இரண்டு கணக்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் எடுக்கும் ஹெச்பிஏ1சி, சாய்ந்த கூம்பு. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் மாதக்கணக்கில் ஒட்டிச் சேர்ந்த சர்க்கரையை அது சொல்கிறது. காலையில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பது அந்த நேரத்துச் சூடு. அதைப் பார்க்கத்தான் விரலைக் குத்த வேண்டியிருக்கிறது. சூளைக்கு இருக்கிற துளை உடம்புக்கு இல்லையா? தோலுக்கு வெளியே நின்றபடி உள்ளே ஓடும் சர்க்கரையைப் படிக்க முடியாதா? ஐம்பது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான டாலர்களை விழுங்கியிருக்கும் கேள்வி இது.

கேட்கிறவர்களின் எண்ணிக்கையும் சிறியதல்ல. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் உள்ளிட்டோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பிறகு, சுகர் மெஷின் வீட்டு வாசலுக்கே வருகிறது. பையோடு வரும் தன்னார்வலர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து, “கையைக் கழுவிட்டு வாங்கம்மா” என்றுதான் ஆரம்பிப்பார்.

கழுவச் சொல்வது வெறும் சுத்தத்துக்காக அல்ல. பண்ருட்டிப் பலாச்சுளையைத் தின்ற கையோடு விரலை நீட்டினால், தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு ரத்தத்துளியில் கலந்து மெஷின் முந்நூறுக்கு மேல் காட்டிவிடும். விரலின் நடுச்சதையில் குத்தக் கூடாது. அங்கே நரம்பு நுனிகள் அதிகம், வலிக்கும். பக்கவாட்டில் குத்த வேண்டும். அச்சில் மண்ணை அழுத்தி, பிசிறு சீவி, மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தே பழகிய கையில் தோல் காய்த்துப் போயிருக்கும். ஒரே குத்தில் துளி வராது. மறுபடி குத்துவார், விரலை அடியிலிருந்து நீவிவிடுவார். துளி திரண்டதும் ஸ்ட்ரிப்பின் நுனியை ஒட்டிப் பிடித்தால் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து வினாடியில் எண் வந்துவிடும்.

அந்த ஐந்து வினாடியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முறைகளும் தோற்பது இதனிடம்தான். ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி காய்ந்த நிலையில் இருக்கிறது. ரத்தம் பட்டதும் உயிர் பெற்று, குளுக்கோஸ் மூலக்கூறுகளிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி, இடைத்தரகராக இருக்கும் வேறொரு வேதிப்பொருள் வழியே மின்வாய்க்கு அனுப்புகிறது. வரும் மின்னோட்டத்தை அளந்தால் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். நொதியையும் மின்வாயையும் இப்படி ஜோடி சேர்க்கும் யோசனையை அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லையன்ஸும் 1962-ல் முன்வைத்தார்கள். ரத்தத்தில் புரதம், கொழுப்பு, உப்பு, யூரியா என்று ஆயிரம் சரக்கு மிதந்தாலும் அந்த நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கும், மற்றதை ஏறக்குறைய சீண்டாது. வரும் எண் குளுக்கோஸுடையது என்று அடித்துச் சொல்ல முடிவது இதனால்தான். சட்டைக் கையை மடித்துப் புஜத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் சுற்றுகிறார்களே, அந்தச் சென்சாரிலும் தோலுக்கடியில் போகும் முடி போன்ற இழையின் மேல் இதே வகை நொதிதான் பூசியிருக்கிறது. அது தொடுவது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவே கசிந்திருக்கும் நீரை. அதனால் ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே பேசும்.

இப்போது நொதியை விட்டுவிட்டு ஒளியை உள்ளே அனுப்புவோம். அதற்கு முன் ஒரு கணக்கு. நூறு என்று மெஷின் காட்டினால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதையும் சேர்த்தால் ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன். வெறும் வயிற்றில் 126 வந்தால் சர்க்கரை நோய் என்கிறார்கள். நூறுக்கும் 126-க்கும் உள்ள வித்தியாசம், ஐந்து லிட்டரிலும் சேர்த்து, 1.3 கிராம். மூலக்கூறுகளாக எண்ணினால் இன்னும் மோசம்: ஒரு குளுக்கோஸைச் சுற்றிப் பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுகள்.

சூளையில் நாம் தேடும் பொருளே நமக்காக ஒளி விடுகிறது. சூடு ஏற ஏற நிறம் மாறுகிறது, துளை வழியே வருவது முழுக்க அந்தச் சூட்டின் சேதிதான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டரும் ஏறக்குறைய அந்த வசதியில்தான் வேலை செய்கிறது. ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1974-ல் அதைக் கொண்டுவந்தபோது, ரத்தத்தின் சிவப்பே அவருக்கு உதவியாக இருந்தது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு நிறம், இறங்கியது வேறு நிறம். டெசிலிட்டருக்கு 14 கிராம் போல அது ரத்தத்தில் நிறைந்து கிடக்கிறது. குளுக்கோஸ் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறமும் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குளுக்கோஸுக்கு ஓர் அடையாளம் உண்டு என்பது உண்மை. ஆனால் அதே இடத்தில் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் தங்கள் அடையாளங்களைப் பதித்து வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, தோலின் வெப்பம் சற்றே மாறினால் தண்ணீர் ஒளியை உறிஞ்சும் விதமும் மாறிவிடுகிறது. அந்த மாற்றம் சர்க்கரையால் வரும் மாற்றத்தை விழுங்கிவிடும். சென்சாரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும், வியர்த்தாலும், ரத்தக்குழாய் விரிந்தாலும் இதே கதை.

அப்படியானால் தொண்ணூறுகளில் ‘வெற்றி, வெற்றி’ என்று வந்த ஆய்வுகள்? இந்தத் துறையின் மிக அழகான பரிசோதனை என்று நான் நினைப்பது 1998-ல் மார்க் அர்னால்டும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்டது. தோலைப் போல ஒளியை நடத்தும் மாதிரிகளைத் தண்ணீர், புரதம், கொழுப்பு கொண்டு செய்தார்கள். குளுக்கோஸை மட்டும் சேர்க்கவே இல்லை. அவற்றின் நிறமாலைகளை வரிசையாகப் பதிவு செய்து, குளுக்கோஸ் கரைசல் குடித்த ஒருவரின் சர்க்கரை ஏறி இறங்குவது போன்ற எண்களை ஒவ்வொன்றுக்கும் தாங்களாகவே ஒட்டினார்கள். பிறகு, எல்லோரும் பயன்படுத்தும் அதே கணித முறையிடம் கொடுத்தார்கள். இல்லாத சர்க்கரையை அது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது! அதுவும் பிரமாதமான பொருத்தத்தோடு.

நடந்தது என்னவென்றால், நேரம் போகப்போகக் கருவியிலும் மாதிரியிலும் ஏதேதோ மெல்ல மாறிக்கொண்டிருக்கும். சர்க்கரைக் கரைசல் குடித்தவருக்கும் நேரம் போகப்போகத்தான் ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால், கணிதம் இதை அதுவென்று எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையைப் படிப்பதாகச் சொல்லி நேரத்தைப் படித்திருக்கிறார்கள். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு சேர்ந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பொருத்தம் தேடுவதில் அது கெட்டிக்காரி. எதனோடு பொருந்துகிறது என்று கேட்பது நம் வேலை.

இந்தத் துறையில் ஆயுளைக் கழித்த ஜான் ஸ்மித் என்ற அமெரிக்க வேதியியலாளர், தோற்றுப்போன முயற்சிகளை எல்லாம் தொகுத்து ஒரு புத்தகமே எழுதினார். துணைத்தலைப்பு, ‘ஏமாற்றுக்கார வான்கோழி வேட்டை’. மார்க் ட்வைனின் கதை ஒன்றில் நொண்டுவது போல் நடித்துச் சிறுவனை நாள் முழுக்க இழுத்தடிக்கும் வான்கோழிதான் அது.

அந்த வேட்டையில் விழுந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2001-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) அனுமதி பெற்ற ‘குளுக்கோவாட்ச்’, மெல்லிய மின்சாரத்தால் தோல் வழியே திரவத்தை இழுத்து அளந்தது. தோல் சிவந்து எரிந்தது. கட்டியவர் வியர்த்தால் அந்த அளவீட்டையே கைவிட்டது. சில ஆண்டுகளில் கடையைக் கட்டினார்கள். கடலூர் மாவட்டத்தில் வியர்க்காத மாதம் எது? 2014-ல் கூகுள் ஆரவாரமாக அறிவித்த கண் லென்ஸ், கண்ணீரில் சர்க்கரை தேடியது. கண்ணீர்ச் சர்க்கரைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்காமல் 2018-ல் கைவிடப்பட்டது.

குளுக்கோஸுக்கே உரிய கையெழுத்து ஒன்று வேண்டும். அதைத் தேடிப் போனால் நம்மவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டது இது: ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வுகளைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை. குளுக்கோஸுக்கும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகம் இதைப் பல பத்தாண்டுகளாகத் துரத்தி, 2020-ல் சாம்சங் ஆய்வாளர்களோடு சேர்ந்து, உயிருள்ள பன்றியின் காதில் குளுக்கோஸின் ராமன் கோடுகளை நேரடியாகக் கண்டதாக அறிவித்தது. பொருத்தத்தை மட்டும் காட்டவில்லை, கோட்டையே காட்டினார்கள் என்பதால் இது முக்கியம். சிக்கல், சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறுகிறது. அதைப் பொறுக்கி எடுக்கும் கருவியைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்குவது சுலபமில்லை.

இரண்டாவது கையெழுத்து விருத்தாசலத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் இருக்கும் சர்க்கரை ஆலைகளின் லேபுக்குப் போனால், கரும்புச் சாற்றை ஒரு நீளக் குழாயில் ஊற்றி, தளவாக்கப்பட்ட ஒளியை அதன் வழியே விடுவார்கள். அதாவது, ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி. சர்க்கரை மூலக்கூறு வலது கை, இடது கை போல ஒருபக்கச் சாய்வு கொண்டது. அதனால் அந்தத் தளத்தை வலப்புறம் திருப்பிவிடுகிறது. திரும்பிய கோணத்திலிருந்து சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று கணக்கிடுகிறார்கள். ‘போல்’ என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பதினைந்து சதவீதச் சாறு, இருபது சென்டிமீட்டர் குழாய் என்றால் இருபது டிகிரி போலத் திரும்பும்.

ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸும் வலப்புறம்தான் திருப்பும். ஆனால் நூறு மில்லிகிராம் அளவில், ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதையும் அளக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக் குழாய் ஒளியை நேராக விடுகிறது, தோல் விடுவதில்லை. உள்ளே போன ஒளி செல்லுக்குச் செல் மோதிச் சிதறித் திரும்பி வரும்போது எந்தத் தளத்தில் கிளம்பியது என்பதையே மறந்திருக்கும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜெய பிரகாஷ், சுவாதி பத்மநாபன் உள்ளிட்டோர் 2025-ல் வெளியிட்ட வேலை இந்த இடத்தில்தான் ஒரு குறுக்கு வழி போட்டது. ஒளி உள்ளே போகட்டும், வெளியே வரவேண்டாம். அதற்குப் பதில் ஒலி வரட்டும் என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை மிகச் சிறு துடிப்புகளாகத் தோலுக்குள் விட்டால், ஒளியை உறிஞ்சிய திசு துளியூண்டு சூடேறி, துளியூண்டு விரிந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். ஒளியைவிட ஒலி திசுவுக்குள் பல நூறு மடங்கு குறைவாகவே சிதறும். அந்த லேசரைத் தளவாக்கி அனுப்பினால், ஆழம் போகப் போகக் குளுக்கோஸ் தளத்தைத் திருப்பும். திருப்பத்துக்கு ஏற்ப ஒலியின் வலு மாறும். மூன்றரை மில்லிமீட்டர் ஆழம் வரை திருப்பத்தைக் கணிக்க முடிந்ததாகச் சொல்கிறார்கள். தண்ணீரிலும் ரத்தச் சீரத்திலும் விலங்குத் திசுத் துண்டுகளிலும் சோதித்த பிறகு, ஆரோக்கியமான ஒருவரிடம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் பார்த்தார்கள்.

அந்த ஒலியைக் கேட்பது எது? மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவிகளில் பெரும்பாலும் ஒரு பீங்கான் வில்லைதான் காது. ஒளி ஒலியாக மாறுவதை கிரகாம் பெல் கண்டது 1880-ல். படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று பியர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் காட்டியதும் அதே 1880-ல். குவார்ட்ஸ், டூர்மலின் என்று அவர்கள் அழுத்திப் பார்த்த படிகங்களில் கரும்புச் சர்க்கரையும் ஒன்று என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பின்னாளில், 1950-களில், ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட பீங்கான் இதில் அந்தப் படிகங்களை முந்தியது. சமையலறை கேஸ் லைட்டரை ‘டக்’கென்று அழுத்தும்போது பொறி வருகிறதே, உள்ளே சுத்தியல் தட்டுவது இந்த வகைப் பீங்கானைத்தான்.

விருத்தாசலத்துக் கைக்கு இதன் செய்முறை அந்நியமாக இருக்காது. பொடியை எடை போட்டுக் கலந்து, அரைத்து, ஒருமுறை வறுத்து, அச்சில் அழுத்தி, ஆயிரத்து இருநூறு டிகிரி போலச் சுடுகிறார்கள். ஈயம் ஆவியாகிப் போகாமலிருக்க மூடியிட்ட பாத்திரத்துக்குள் வைத்துச் சுட வேண்டும். இருபுறமும் வெள்ளிப் பூச்சு. கடைசியில் ஒரு வேலை மட்டும் புதிது: சூடான எண்ணெயில் அமிழ்த்தி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் கொடுத்து, உள்ளிருக்கும் மின் இருமுனைகளை ஒரே பக்கம் திருப்பிவிடுகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணைக் கொண்டு இந்த ஊர் சுட்டுத் தள்ளிய பீஸ் கட்டைக்கும் இன்சுலேட்டருக்கும், மின்சாரம் எத்தனை முட்டினாலும் அசையாமல் இருப்பதுதான் பெருமை. இந்த வில்லையோ, கொசு உட்கார்ந்தால்கூட மின்சாரத்தில் பதில் சொல்லும் ஜாதி.

காது மலிவு. கேஸ் லைட்டர் விலையே அதற்குச் சாட்சி. பெங்களூரு முறையில் பெரியதும் விலை அதிகமானதும் லேசர்தான். அதைச் சுருக்குவதுதான் அடுத்த வேலை என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. ரத்தத்தில் ஒளியைத் திருப்புவது குளுக்கோஸ் மட்டுமல்ல. ஆல்புமின் புரதம் இடப்புறம் திருப்பும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி அளவுக்குக் குறி தவறாத ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

இதற்குள் கடையில் சரக்கு வந்துவிட்டது. ஊசியே வேண்டாம், கட்டினால் போதும் என்று கடிகாரமும் மோதிரமும் விரல் கிளிப்பும் விற்கிறார்கள். 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. பொதுவாகவே எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் நாங்கள் அனுமதி தரவில்லை. இவை எப்படி நம்ப வைக்கின்றன என்பது சுவாரசியம். சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பெரும்பாலான நேரம் 80-க்கும் 140-க்கும் நடுவில்தான் இருக்கும். யார் கட்டினாலும் 110 சொச்சம் காட்டுகிற டப்பாகூட, கடைக்காரர் கையில் கட்டிக் காட்டும்போது சரியாகத்தான் இருக்கும். இன்சுலின் போடுகிறவருக்கு இரவில் 50-க்கு இறங்கும்போதும் அது 110 என்றால், அவர் மயங்கிய பிறகுதான் வீட்டில் தெரியும்.

விரல் குத்தும் மெஷினுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்றொரு தரம் இருக்கிறது. நூறுக்குக் கீழே என்றால் லேப் முடிவிலிருந்து 15 மில்லிகிராமுக்கு மேல் விலகக் கூடாது. நூறும் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம். நூறு அளவீட்டில் தொண்ணூற்றைந்து இதற்குள் விழ வேண்டும். குத்தாத மெஷினிடம் இதைவிடக் குறைவாகக் கேட்க ஒரு காரணமும் இல்லை. நாற்பதுக்கு இறங்குகிறவர், நானூறுக்கு ஏறுகிறவர், கறுத்த தோல், காய்த்த விரல், மே மாதத்துப் பகலில் சூளையைப் பிரித்துச் சரக்கை இறக்கிவிட்டு வந்த வியர்த்த கை என்று எல்லாவற்றிலும் தேற வேண்டும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமானவர்களிடம் மட்டும் எடுத்த கணக்கைக் காட்டி அதை இங்கே விற்க விடக் கூடாது.